தோற்றால் வீட்டில் பாயசம்

பிளாஸ்டிக் கார் கிட் வாங்குகிறவர்களும் அதைக் கட்டுகிறவர்களும் ஒரே ஆட்கள் என்று வெளியில் இருப்பவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு பொழுதுபோக்குகள். வாங்குவதற்குப் பணம் இருந்தால் போதும். கட்டுவதற்குப் பெட்டியைத் திறக்க வேண்டும். மூடிய பெட்டிக்குள் இருக்கும் கார், ஜாதகத்தில் இருக்கும் மாப்பிள்ளை மாதிரி. ஒரு குறையும் சொல்ல முடியாது. பெயின்ட் வழிந்திருக்காது, கண்ணாடியில் கைரேகை இருக்காது, நான்கு சக்கரமும் தரையில் பதியும். பெட்டியைத் திறந்து முதல் துண்டை வெட்டி எடுத்த நொடியிலிருந்து அது நம்முடைய கார் ஆகிவிடுகிறது. அதாவது, கெட ஆரம்பித்துவிடுகிறது.

சென்னையில் எங்கள் கூட்டத்தில் ஏழு பேர். அதில் ஒருவருக்குக் குடோன் சார் என்ற பெயர் நிலைத்துவிட்டது. பரணில், கட்டிலுக்கு அடியில், பீரோவின் மேல்தட்டில், எங்கு பார்த்தாலும் பெட்டிகள். வங்கியில் இருந்தவர். "ரிட்டயர் ஆனதும் நிதானமாகக் கட்டலாம்னு சேர்த்தேன்" என்பார். ரிட்டயர் ஆகிப் பல வருஷம் ஆகிவிட்டது. இப்போது எதற்காகக் காத்திருக்கிறார் என்று கேட்க எங்களில் யாருக்கும் துணிச்சல் இல்லை. எல்லோர் வீட்டிலும் சின்ன அளவில் ஒரு குடோன் இருக்கிறது.

இதற்கு மாடல் கட்டுகிறவர்கள் கண்டுபிடித்த வைத்தியம்தான் குரூப் பில்ட். ஒரே தலைப்பு, ஒரே தொடக்க நாள், ஒரே கெடு. தொடக்க நாளில் பாகங்கள் எல்லாம் பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதைப் போட்டோ எடுத்துக் காட்ட வேண்டும். பார்ப்பதற்குப் போட்டி, உண்மையில் இது ஒரு தைரிய ஏற்பாடு. ஒரு நல்ல பொருளைத் தனியாக உட்கார்ந்து கெடுக்க யாருக்கும் மனசு வராது. ஏழு பேர் ஒரே நாளில் கெடுக்கப் போகிறார்கள் என்றால் கை தானாகக் கத்தியை எடுக்கும்.

ஆயுத பூஜை அன்று தொடங்கிப் பொங்கலுக்குள் முடிப்பது என்று தீர்மானமானது. பெட்டிகளுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பாகங்களை வெட்டி எடுக்கும் நிப்பருக்கும் கத்திக்கும் பொட்டு வைத்து, பொரி கடலை சாப்பிட்டோம். இந்த இரண்டு பண்டிகைகளுக்கும் நடுவில்தான் வடகிழக்குப் பருவமழை மொத்தமும் பெய்கிறது என்பதை யாரும் யோசிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். காரணம் சொல்வதற்கு ஒரு காரணம் கையிருப்பில் இருக்கட்டும் என்று எல்லோருமே யோசித்திருந்தார்கள் என்பது என் சந்தேகம்.

தலைப்புக்கு ஒரு மாதம் சண்டை நடந்தது. பல் டாக்டருக்கு ஃபெராரி வேண்டும். சாஃப்ட்வேர் தம்பிக்கு நிசான் ஸ்கைலைன். ஆடிட்டர் மேடம்தான் கணக்குப் பார்த்து, "சின்ன காரா எடுங்க, பெயின்ட் மிச்சம்" என்றார். மினி கூப்பர் முடிவானது. 1959-இல் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து வெளிவந்த மினி என்ற குட்டிக் காரின் வேகமான வகை. அந்தக் குட்டி, மான்டே கார்லோ ராலியில் பெரிய கார்களை எல்லாம் தாண்டி 1964, 1965, 1967 ஆகிய வருஷங்களில் வென்றது. 1967-இல் வென்ற காரைத் தமியா நிறுவனம் 1/24 அளவில் கிட்டாகப் போட்டிருக்கிறது. சிவப்பு உடம்பு, வெள்ளைக் கூரை.

தமியா, ஜப்பானின் ஷிசுவோகா நகரில் 1946-இல் மர வியாபாரமாகத் தொடங்கிய நிறுவனம். மரத்தில் மாடல் செய்து, பிறகு பிளாஸ்டிக்குக்கு மாறியது. போர்ஷே 934 மாடலைச் செய்வதற்காக ஒரு நிஜ போர்ஷே 911-ஐ விலைக்கு வாங்கிக் கழற்றிப் பரப்பிப் பார்த்தவர்கள். நிஜக் காரை அவர்கள் பிரிக்கிறார்கள், குட்டிக் காரை நாங்கள் சேர்க்கிறோம். வேலையை நியாயமாகப் பங்கிட்டிருக்கிறார்கள் என்று சொல்ல முடியாது. பிரிப்பது எங்களுக்கும் வரும்.

1/24 என்றால் எல்லாவற்றையும் இருபத்து நாலால் வகுக்க வேண்டும். மூன்று மீட்டருக்குச் சற்று அதிகமான நிஜ மினி, மேஜையில் பதின்மூன்று சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. கார் சம்மதித்துச் சுருங்குகிறது. மற்றவை சுருங்க மறுக்கின்றன. பெயின்ட் 0.1 மில்லிமீட்டர் கனத்தில் விழுந்தால், நிஜக் காரில் 2.4 மில்லிமீட்டர் கனத்துக்குச் சுண்ணாம்பு அடித்த கணக்கு. அரை மில்லிமீட்டர் தூசு ஒன்று கூரையில் ஒட்டினால், நிஜத்தில் அது 12 மில்லிமீட்டர் ஜல்லி. நம் கட்டைவிரலோ அந்த உலகத்தில் கிட்டத்தட்ட அரை மீட்டர் அகலம். அந்த விரலை உள்ளே விட்டுத்தான் கியர் குச்சியை நிறுத்த வேண்டும்.

தொடக்கத்தில் டாக்டர் முந்தினார். பல் டாக்டர்களுக்கு இந்தப் போட்டியில் இடம் கொடுப்பதே அநியாயம். சொத்தையைத் தேடும் கம்பி, நுண்ணிய உருளை அரம், நெற்றியில் மாட்டும் பூதக்கண்ணாடி என்று எல்லாம் தொழில் சாமான். அச்சில் இரண்டு பாதிகள் சேர்ந்த இடத்தில் ஒரு மெல்லிய கோடு பாகங்களின் மேல் ஓடும். அதை வாட்டர் பேப்பரால் தேய்த்து எடுக்க வேண்டும். டாக்டர் அந்தக் கோட்டைச் சுரண்டும்போது, பழக்கதோஷத்தில், "கொஞ்சம் கூசும், பொறுத்துக்கோங்க" என்று பம்பரிடம் சொன்னதை ஆடிட்டர் மேடம் கேட்டிருக்கிறார்.

அடுத்த கட்டம், தேடுதல். வெட்டும்போது துள்ளி விழும் பாகத்தைக் கம்பளம் தின்றுவிடுகிறது என்று மேல்நாட்டு மாடல்காரர்கள் புலம்புவார்கள். அவர்கள் மொசைக் தரையைப் பார்த்ததில்லை. வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை என்று எல்லா நிறச் சில்லும் பதித்த தரையில், எந்த நிறப் பாகம் விழுந்தாலும் அது தன் சொந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. வாக்யூம் கிளீனர் வாயில் பழைய வேட்டித் துண்டைக் கட்டி உறிஞ்சினால் பாகம் துணியில் வந்து நிற்கும். என் காரின் வைப்பரை அப்படித் தேடியதில், போன பொங்கலில் காணாமல் போன மூக்குத்தித் திருகாணி கிடைத்தது. வைப்பர் கிடைக்கவில்லை. வீட்டில் அன்று ஒருநாள் மட்டும் இந்தப் பொழுதுபோக்குக்கு மரியாதை இருந்தது.

பிறகு மழை வந்தது. காற்றில் ஈரம் இருக்கும்போது லாக்கர் பெயின்ட் அடித்தால், தின்னர் வேகமாக ஆவியாகி அந்த இடத்தைக் குளிர்விக்கும். ஈரம் பெயின்டுக்குள் இறங்கி, மேல்பரப்பு சாம்பல் பூத்துவிடும். நவம்பர் மாதம் முழுக்க எங்கள் ஏழு சிவப்புக் கார்களும் விபூதி பூசிக்கொண்டு நின்றன. மெதுவாக ஆவியாகும் தின்னரைக் கலந்தால் பூக்காது. ஆனால் மெதுவாகக் காய்கிற பெயின்டில் தூசு சாவகாசமாக வந்து உட்காரும். ஃபேனைப் போட்டால் தூசு, நிறுத்தினால் வியர்வை சொட்டும். தூசு குறைந்த இடம் குளியலறைதான் என்பது அனுபவசாலிகளின் முடிவு. தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கிவிட்டு அங்கேயே அடிக்கலாம். வாசலில் சோப்பு டப்பாவோடு நிற்கும் குடும்பத்தாரின் குரலை அடக்க வழி தெரியவில்லை.

அடித்த பெயின்டைக் காய வைக்க மூடி வேண்டும். குடோன் சார் அன்னக்கூடையைக் கவிழ்த்தார். சாஃப்ட்வேர் தம்பி மழை விட்ட ஒரு நாள் மொட்டை மாடியில் வடாம் துணிக்குப் பக்கத்தில் காயவைத்தான். காக்கை ஒன்று வடாத்தை விட்டுவிட்டு ஈரக் கூரைமேல் ஏறி நடந்து பார்த்தது. தம்பி கலங்கவில்லை. "ராலி கார் சார், ஆல்ப்ஸ் மலையில எவ்வளவோ அடிபட்டிருக்கும்" என்றான்.

கூரையை முதலில் அடிப்பதா, உடம்பை முதலில் அடிப்பதா என்பதில் கூட்டம் இரண்டாகப் பிளந்தது. சிவப்பு நிறத்துக்கு ஒரு குணம் உண்டு. அதன்மேல் வெள்ளை அடித்தால், அடியிலிருந்து ஊறி மேலே வந்து எல்லாவற்றையும் ரோஸ் ஆக்கிவிடும். எனவே வெள்ளை முதலில். அதை மாஸ்கிங் டேப்பால் மூடி, டேப் விளிம்பில் இன்னொரு பூச்சு வெள்ளையே அடித்து இடுக்கை அடைத்துவிட்டு, அதற்குப் பிறகு சிவப்பு. இதை நான் விளக்கமாகச் சொல்லியும் எதிர்க்கட்சி கேட்கவில்லை. அவர்களுடைய கார்கள் இப்போது ரோஜாப்பூ நிறக் கூரையோடு அழகாகத்தான் இருக்கின்றன. மான்டே கார்லோவுக்குப் போகாது. மங்கள காரியங்களுக்குப் போகும்.

பசை விஷயத்திலும் ஆளுக்கொரு கொள்கை. மாடல் பசை உண்மையில் பசையே இல்லை. பிளாஸ்டிக்கைக் கரைத்து இரண்டு பாகங்களையும் ஒன்றாக்கிவிடும். விரலையும் அப்படியே பதிவு செய்யும். ஒரு நண்பரின் கதவில் பதிந்திருக்கும் பெருவிரல் ரேகையை வைத்துப் பத்திரப் பதிவே முடிக்கலாம். கண்ணாடிக்கு இன்ஸ்டன்ட் பசை ஆகாது. அதன் ஆவி பட்டால் கண்ணாடி பனி மூடிவிடும். காய்ந்ததும் நிறமில்லாமல் போகிற பெவிக்கால்தான் பாதுகாப்பு.

சாஃப்ட்வேர் தம்பிக்குக் கண்ணாடியில் வேறு கஷ்டம். முன்விளக்கின் கண்ணாடி ஒன்று மொசைக்கில் ஐக்கியமாகிவிட்டது. ஒற்றைக் கண்ணோடு காரைக் கொண்டுவந்து வைத்து, "என்னோடது 1966 மாடல்" என்றான். அதில் விஷயம் இருக்கிறது. 1966 மான்டே கார்லோவில் மினிகள்தான் முதல் மூன்று இடத்திலும் வந்தன. முன்விளக்கு பல்புகள் விதிக்குப் பொருந்தவில்லை என்று சொல்லி மூன்றையும் தகுதி நீக்கம் செய்து, சிட்ரோயன் காருக்குப் பரிசைக் கொடுத்துவிட்டார்கள். அறுபது வருஷமாக மினி ரசிகர்கள் ஆறாத கோபத்தில் இருக்கிறார்கள். "சரித்திரப்படி விளக்குதானே பிரச்சினை? அதான் எடுத்துட்டேன்" என்றான் தம்பி. ஆடிட்டர் மேடம் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அப்ப சரித்திரப்படி நீங்களும் தகுதி நீக்கம்" என்றார்.

பொங்கலன்று தீர்ப்பு. மாடல் கட்டுகிறவர் நடுவராக இருந்தால் வம்பு என்று, டாக்டரின் மாடி வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற பிரேக் இன்ஸ்பெக்டரை அழைத்தோம். பெயின்ட், பளபளப்பு எதையும் அவர் பார்க்கவில்லை. ஒவ்வொரு காரையும் மேஜையில் வைத்து அமுக்கி நான்கு சக்கரமும் பதிகிறதா என்று பார்த்தார். பாதிக் கார்கள் அங்கேயே நொண்டின. ராலி காருக்கே உரிய கூடுதல் விளக்குகளைக் காட்டி, "இதுக்கெல்லாம் யாரு பர்மிஷன் கொடுத்தது?" என்றார். ரோஸ் கூரையைப் பார்த்து, ஆர்.சி. புத்தகத்தில் நிறம் மாற்றியாயிற்றா என்று விசாரித்தார். என் காரை மட்டும் ரொம்ப நேரம் கையில் வைத்திருந்தார். நான் நம்பிக்கையோடு நின்றேன். "மழைக்காலத்துல வைப்பர் இல்லாம எஃப்.சி. கொடுக்க முடியாது சார்" என்று கீழே வைத்தார்.

அவர் கணக்கில் தேறியவை இரண்டு. ஒன்று ஆடிட்டர் மேடத்துடையது. எங்களில் செய்முறைத் தாளை முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படித்தவர் அவர் ஒருவர்தான். இன்னொன்று, யாரும் எதிர்பாராத விதமாக, குடோன் சாருடையது. வங்கிக்காரருடைய கை, அவசரமே படாமல், ஒரு நாளைக்கு ஒரு பாகம் என்று ஒட்டியிருக்கிறார். தன் வீட்டில் பெட்டிக்கு வெளியே ஒரு காரைப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று என்று அவருக்கே நினைவில்லை. நொண்டியோ, ரோஜா நிறமோ, மூடிக்கிடந்த ஏழு பெட்டிகள் திறந்தாகிவிட்டன. தனித்தனியாக இருந்திருந்தால் ஏழும் ஏழு பரணில் குறையே இல்லாமல் கிடந்திருக்கும்.

இனி பரிசு. தேறாதவர்கள் தங்கள் பரணிலிருந்து பிரிக்காத பெட்டி ஒன்றைக் கொடுக்க வேண்டும். தேறியவர்கள் அவற்றைப் பங்கிட்டுக்கொள்ளலாம். தோற்ற ஐந்து பேரும் வருத்தமாகப் பெட்டிகளைக் கொடுத்துவிட்டுப் போனோம். வீட்டில் பீரோவுக்கு மேலே ஒரு பெட்டி அளவுக்கு வெற்றிடம் வந்திருப்பதைப் பார்த்து என் மனைவி பாயசமே வைத்துவிட்டாள். டாக்டர் வீட்டிலும் அன்று இனிப்பு என்று கேள்வி. ஜெயித்த குடோன் சார் பரிசுப் பெட்டிகளோடு வீட்டு வாசலில் நெடுநேரம் நின்றிருக்கிறார். மேடத்தின் கணவர், "நீ கூடத் தோத்திருக்கலாம்" என்று மட்டும் சொன்னாராம். நாங்கள் தோற்க வேண்டும் என்று குடும்பமே சாமிக்கு வேண்டிக்கொள்ளும் போட்டி உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

அடுத்த போட்டிக்கான தலைப்பை இந்த முறை வீட்டில் இருப்பவர்கள் ஒன்றுகூடி, சண்டையே இல்லாமல் ஒரே மாலையில் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். 1967-இல் தமியா முதன்முதலாகப் போட்ட 1/12 அளவு ஹோண்டா பந்தயக் கார். எஞ்சின், குழாய், ஒயர் என்று எல்லாம் தனித்தனித் துண்டு. கெடு, தீபாவளி. ஏழு பேரும் தோற்பது உறுதி என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். வெல்லமும் சேமியாவும் இப்போதே வாங்கி வைத்தாயிற்று.