ரேம் மீட்பில் அழிரப்பரின் பங்கு: ஒரு திறனாய்வு

மேசைக்கணினி நினைவிழப்பதும், அதன் ரேமைக் கழற்றி அழிரப்பரால் தேய்த்து உயிர்ப்பிப்பதும் நம் வீடுகளிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் நெடுங்காலமாக நடந்துவரும் சடங்குகள். இதற்கு இலக்கணம் வகுக்க எவரும் முன்வராத குறையைப் போக்கவே இக்கட்டுரை. ஆய்வெல்லை: டிடிஆர்2, டிடிஆர்3 ரேம் பூட்டிய, சற்றே மூத்த அசெம்பிள்டு கணினிகள். மடிக்கணினி புறத்திணையைச் சேர்ந்தது, விலக்கப்பட்டது.

நோயை முதல், கரு, உரி எனப் பகுப்பதே மரபு. நிலம், மேசைக்கடியில் தூசி படிந்த மூலை. பொழுது, வேனில் நண்பகலில் கரண்ட் போய்வந்த மறுகணம். கருப்பொருள்களுள் பறை என்பது மதர்போர்டின் பீப். பழைய அவார்டு பயாஸில் நெடில் விடாமல் ஒலித்தால் ரேம் நோய். ஒரு நெடிலும் இரு குறிலும் என்றால் குற்றவாளி டிஸ்ப்ளே கார்டு. ஏஎம்ஐ பயாஸோ ரேம் கோளாறுக்கு மூன்று குறில் ஒலிக்கும். ஸ்பீக்கரே வைக்காமல் அசெம்பிள் செய்த கணினியில் பறையும் இல்லை. ஃபேன் சுற்றும், டிஸ்ப்ளே வராது, அவ்வளவுதான். உரிப்பொருளுக்கு வருவோம். ஸ்லாட்டை விட்டு ரேம் மயிரிழை விலகுவது பாலை. மறுபடி சேர்வது குறிஞ்சி. "வந்துட்டே இருக்கேன் சார்" என்று சர்வீஸ் தம்பி போனில் சொன்னபின் காத்திருப்பது முல்லை. அவர் மறுநாள் வந்ததும் நடப்பது மருதம். சேமிக்காத கோப்பை எண்ணி இரங்குவது நெய்தல்.

வேனிலைப் பொழுதாகக் கொண்டதற்கு மறுப்பு எழலாம். கூகுளின் சர்வர்களை வைத்து 2009இல் வெளியான ஆய்வு, ஓராண்டில் 8 சதவீதத்துக்கும் மேலான ரேம் பலகைகளில் பிழை கண்டது. அதில் வெப்பத்தின் பங்கு நினைத்ததைவிடச் சிறிது என்றும் சொன்னது. அந்த சர்வர்கள் வேலூரில் மே மாதத்தில் தகரக் கூரையின் கீழ் ஓடியவை அல்ல. ஆகவே நம் கொள்கை நிற்கிறது.

ரேம் ஏன் மறக்கிறது என்று கேட்பதே பிழை. ஐபிஎம்மின் ராபர்ட் டென்னார்டு 1966இல் கண்டு 1968இல் காப்புரிமை பெற்ற அமைப்பில், ஒவ்வொரு பிட்டும் ஒரு நுண்மின்தேக்கிக்குள் இருக்கும் மின்னூட்டம். அது கசிந்துகொண்டே இருக்கும். 64 மில்லிநொடிக்குள் திரும்ப ஊட்டாவிட்டால் போயிற்று. இந்த லட்சணத்தில் அது எதையாவது நினைவில் வைத்திருப்பதே பெரிது.

இனி சிகிச்சை. ஸ்லாட்டுக்குள் வாயால் ஊதும் மரபினர் தூசியோடு எச்சிலையும் சேர்ப்பவர்கள். அவர்களைப் பற்றி இதற்கு மேல் பேச வேண்டாம். அழிரப்பர் மரபே ஆராயத்தக்கது. ரேமின் விளிம்பில் மின்னும் பின்களுக்குத் தங்க முலாம். தங்கம் துருப்பிடிக்காது. அப்படியானால் ரப்பர் எதை அழிக்கிறது? விரல் பிசுக்கை, தூசிப் படலத்தை, மெல்லிய முலாமின் நுண்துளை வழியே மேலே வந்த அடியுலோக அரிப்பை. இதுவரை மரபினர் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் தேய்க்க வேண்டுமென்றால் ரேமைக் கழற்ற வேண்டும், தேய்த்தபின் மாட்ட வேண்டும். மாட்டும்போது ஸ்லாட்டின் உள்முனைகள் பின்களை உரசிக்கொண்டு நிற்கின்றன. பல நேரம் அந்த உரசலே படலத்தைக் கீறித் தொடர்பை மீட்டுவிடும். தேய்க்காமல் வெறுமனே கழற்றி மாட்டிப் பார்க்கும் பொறுமை யாருக்கு இருக்கிறது? வேலை செய்தது கட்டைவிரல். பேர் வாங்கியது ரப்பர்.

எனவே ஆய்வாளர் முதலில் ரப்பரை மேசை டிராயரில் வைத்துப் பூட்ட வேண்டும். பவர் கார்டைப் பிடுங்கி, ஆன் பட்டனைச் சில நொடி அழுத்தி, மிச்ச மின்சாரத்தை வடியவிட வேண்டும். கேபினெட்டின் இரும்பைத் தொட்டு உடம்பின் நிலைமின்னை இறக்கியபின் ரேமைக் கழற்றி, இருபக்க கிளிப்பும் 'டக்'கென்று விழும்வரை அழுத்தி மாட்டலாம். டிஸ்ப்ளே வராவிட்டால்தான் ரப்பருக்கு அழைப்பு. அதுவும் பென்சில் எழுத்தை அழிக்கும் மென்மையானது. பேனா எழுத்தை அழிக்கும் சொரசொரப்பு ரப்பர் முலாமையும் சேர்த்து அழிக்கும். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாக, ஒவ்வொரு ஸ்லாட்டிலும் மாட்டிப் பார்க்க வேண்டும். ரேம் மேல் போட்ட பழி சில சமயம் ஸ்லாட்டுக்கு உரியது. டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டுக்கும் 240 பின்களே என்றாலும் நடுவிலுள்ள வெட்டின் இடம் வேறு. உள்ளே போக மறுக்கும் ரேமிடம் பலத்தைக் காட்டுவது ஆய்வறம் ஆகாது.

டிஸ்ப்ளே வந்தும் நீலத்திரை தொடர்ந்தால், மெம்டெஸ்ட்86 பிளஸை பென்டிரைவில் ஏற்றி இரவெல்லாம் ஓடவிடுக. பழைய பயாஸ் கணினியிலும் ஓடும்; காசு கேட்காது. ஒற்றை ரேமை மாட்டி, ஸ்லாட் மாற்றிச் சோதித்தும் சிவப்பு வரி வந்தால் அந்த ரேம் முடிந்தது. எந்த ரப்பரும் காப்பாற்றாது. அப்போது ரிச்சி தெருவுக்குப் புறப்படுவோர் பழைய ரேமைக் கையோடு கொண்டுபோகவும். "டிடிஆர் எத்தனை சார்?" என்பதுதான் கடைக்காரரின் முதல் கேள்வி.