ஒரு மைக்ரான் மகாராஜா

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே எத்தனையோ பேர் ஆண்டுவிட்டுப் போனார்கள். சோழர், பாண்டியர், ஹொய்சளர், விஜயநகரத்தார், மதுரை நாயக்கர் என்று ஆளுக்கொரு மதிலும் மண்டபமும் எழுப்பினார்கள். எல்லாம் கருங்கல். பாவம், அந்தக் காலத்தில் அவ்வளவுதான் தெரியும். கண்ணுக்கே தெரியாத ஒரு படலத்தைப் பூசி, அது காலத்தை வெல்லும் என்று ஓர் அட்டையில் எழுதிக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்னும் ஞானம் அவர்களில் எவருக்கும் வாய்க்கவில்லை. நமக்கு வாய்த்தது. பாலத்துக்கு இந்தப் பக்கம் திருச்சியிலும் அந்தப் பக்கம் ஸ்ரீரங்கத்திலும் கார் வைத்திருக்கும் குடிகளை ரட்சிக்க எழுந்தருளியிருக்கிறார் ராஜாதிராஜ, ராஜமார்த்தாண்ட, செராமிக் கோட்டிங் மகாராஜா. அவர் புகழ் பாட ஒரு நாக்கு போதாது, ஆயினும் முயல்கிறேன்.

முதலில் திருமேனி. கனம் ஒரு மைக்ரான். நல்ல புஷ்டியாக இருந்தால் இரண்டு. ஒரு தலைமுடியின் தடிமனே சுமார் 70 மைக்ரான். இத்தனை மெலிந்த உடம்பை வைத்துக்கொண்டு கத்திரி வெயிலையும் ஐப்பசி மழையையும் காக்கை எச்சத்தையும் தனியொருவராக எதிர்ப்பேன் என்று சூளுரைத்த வீரர் புராணத்தில்கூட இல்லை. பூர்வாசிரமத்தில் அவர் சிலிக்கா, அதாவது நம் ஆற்று மணலுக்கு நெருங்கிய சொந்தம். கொள்ளிடத்தில் லாரி லாரியாக அள்ளிக்கொண்டு போனபோது மணலுக்குக் கிடைக்காத மரியாதை, 30 மில்லி பாட்டிலுக்குள் புகுந்ததும் இவருக்குக் கிடைத்துவிட்டது. சின்னக் காருக்கு 15 ஆயிரம், பெரிய காருக்கு 40, 50 ஆயிரம் என்று காணிக்கை. பில் வேண்டாமென்றால் 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் நமக்கே மிச்சம். தம் வருகையைக் கணக்கில்கூட எழுத விரும்பாத தன்னடக்கம்!

அவருடைய தர்பாரைக் காணக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். விதானம் முழுக்க அறுகோண எல்.இ.டி. விளக்குகள். அவை அத்தனையும் பானெட்டில் விழுந்து மின்னும்போது, பத்து வருஷத்துப் பழைய காரும் மாப்பிள்ளைக் கோலம் பூண்டுவிடும். ஓரமாக ஒரு ஸ்டாண்டில், எந்த விபத்திலோ கழன்று வந்த கறுப்பு பானெட் ஒன்று. நடுவே டேப் ஒட்டி இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். வலது பாதிக்கு மகாராஜாவின் அருள் உண்டு, இடது பாதிக்கு இல்லை. கறுப்பு டீ-ஷர்ட் போட்ட தம்பி தண்ணீர் பாட்டிலைச் சாய்க்கிறார். இடது பக்கம் தண்ணீர் சப்பென்று படர்ந்து உட்கார்கிறது. வலது பக்கம் முத்து முத்தாகத் திரண்டு ஓடுகிறது. அடுத்து பர்மனென்ட் மார்க்கரால் ஒரு கோடு, துணியால் ஒரு துடை, கோடு மாயம். பிறகு லைட்டரைக் கொளுத்திப் பூச்சின்மேல் காட்டுகிறார். ஒன்றுமே ஆகவில்லை. ஸ்ரீரங்கத்து வீதிகளில் நிற்கும் காரை யாரும் லைட்டரால் சுட்டதாக இதுவரை கேள்விப்பட்டதில்லை. அந்த ஆபத்திலிருந்து இனி நமக்குப் பரிபூரண விடுதலை. இடது பாதியில் மட்டும் அவர் லைட்டரைக் காட்டுவதில்லை. பூச்சில்லாத பெயிண்டும் பிழைத்துவிட்டால் அதற்குத் தலைக்கனம் வந்துவிடும் அல்லவா?

வந்திருந்த பெரியவர் ஒருவர், அம்மா மண்டபம் பக்கத்திலிருந்து வருகிறவர் போலிருக்கிறது, கொஞ்சம் சந்தேகப் பிராணி.

"தம்பி, இது அஞ்சு வருஷம் நிக்கும்கிறதை எப்படிப்பா டெஸ்ட் பண்ணினீங்க?"

"இப்பப் பார்த்தீங்களே சார், அதான் டெஸ்ட்."

"இது அஞ்சு நிமிஷம்தானேப்பா ஆச்சு?"

"கம்பெனியே எழுதிக் கொடுத்திருக்கு சார்."

"இந்த பிராண்டு எப்ப வந்தது?"

"போன தீபாவளிக்கு சார். லேட்டஸ்ட்!"

ஐந்து நிமிஷத்தில் ஐந்து வருஷத்தைக் கண்டுகொள்ளும் ஞானதிருஷ்டி இது. இது வாய்க்காமல் மேல்நாட்டுப் பெயிண்ட் கம்பெனிக்காரர்கள் படும் பாட்டை நினைத்தால் பரிதாபமாக இருக்கிறது. ஃப்ளோரிடாவின் புழுக்கத்திலும் அரிசோனாவின் பாலை வெயிலிலும் பெயிண்ட் அடித்த தகடுகளை வரிசையாகச் சாய்த்து வைத்துவிட்டு வருஷக்கணக்கில் காத்துக் கிடக்கிறார்கள். அவசரமென்றால் ஸெனான் விளக்குப் பெட்டிக்குள் அடைத்து, வெளிச்சம், சூடு, தண்ணீர் என்று மாற்றி மாற்றி வாட்டி, பளபளப்பு எவ்வளவு குறைந்தது என்று அளக்கிறார்கள். அதன்பிறகும் பெட்டிக்குள் இத்தனை மணி நேரம் என்றால் வெளியே இத்தனை வருஷம் என்று அடித்துச் சொல்ல அவர்களுக்குத் துணிச்சல் வருவதில்லை.

நம் தர்பாரில் துணிச்சலுக்குப் பஞ்சமா? சுவரிலேயே சான்றிதழ் தொங்குகிறது: சால்ட் ஸ்ப்ரே டெஸ்ட், ஆயிரம் மணி நேரம். 35 டிகிரி சூட்டில் 5 விழுக்காடு உப்புக் கரைசலைப் பனியாகத் தூவி, உள்ளே இருக்கும் உலோகம் துருப்பிடிக்கிறதா என்று பார்க்கும் சோதனை அது. கடல் பார்க்க நாகப்பட்டினம் போக வேண்டிய ஊரில், வெயிலில் பளபளப்பு போகுமா என்று கேட்டவனுக்கு உப்பில் துருப்பிடிக்காது என்று பதில். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வது சாமானியர் வழக்கம்.

பட்டங்களில் தலையாயது 9எச். வைரத்துக்குப் பத்து, இவருக்கு ஒன்பது என்று பக்தர்கள் மெய்சிலிர்ப்பதுண்டு. மகாராஜா அதைத் திருத்துவதில்லை; பக்தர் மனம் புண்படலாகாது என்ற கருணைதான். வைரத்தை உச்சியில் வைத்திருக்கும் மோஸ் அளவுகோலுக்கும் இந்த ஒன்பதுக்கும் ஸ்நான பிராப்திகூடக் கிடையாது. இது பென்சில் கணக்கு. பள்ளிப் பிள்ளைகளின் எச்பி பென்சிலுக்கு மூத்த தமையனான 9எச் பென்சிலை 45 டிகிரி சாய்த்து அழுத்தித் தள்ளினால் கீறல் விழவில்லை என்பதே பட்டத்தின் பொருள். ஆகவே உங்கள் கார் கதவில் யாராவது பென்சிலால் வீட்டுப்பாடம் எழுதினால் அஞ்ச வேண்டாம். காற்றில் வந்து படியும் மணல் தூசியில் இருக்கும் குவார்ட்ஸ் மோஸ் அளவில் 7. அதை உலர்ந்த துணியால் துடைத்துக் கீறல் விழுந்தால் அது மணலுக்கும் மணலுக்கும் நடந்த பங்காளிச் சண்டை; உத்தரவாதத்தில் பங்காளிச் சண்டைக்கு இடமில்லை.

கொடைத்தன்மையையாவது கொஞ்சம் சொல்லித்தானே ஆக வேண்டும். கார் கம்பெனி நிறத்தின் மேல் பூசி அனுப்பும் தெளிந்த மேற்பூச்சு, கிளியர் கோட் என்கிறார்களே அது, சுமார் 40, 50 மைக்ரான். மகாராஜா எழுந்தருளுமுன் மேடையைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று காம்பவுண்ட் தடவி, பஃபிங் மெஷினால் தேய்க்கிறார்கள். அதில் கம்பெனி கொடுத்த பூச்சு சில மைக்ரான் காணாமல் போகிறது. ஒரு மைக்ரானை வழங்குவதற்காகச் சில மைக்ரானைப் பெற்றுக்கொள்ளும் இந்த வள்ளன்மையைக் கண்டிருந்தால் பாரி தன் தேரைத் திரும்ப ஓட்டிக்கொண்டு போயிருப்பான். வழங்கினாரா என்று சோதிக்கவும் வழியில்லை. கடைகளில் வைத்திருக்கும் தடிமன் மீட்டருக்கு ஒரு மைக்ரான் என்பது அதன் பிழை எல்லைக்குள்ளேயே அடங்கிவிடும் சங்கதி. இருக்கிறார் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. இத்தகைய அரூப நிலையை அடைய மகான்களே பல காலம் தவம் கிடக்க வேண்டும்.

முத்துக்களின் மகிமை தர்பாரோடு முடிந்துவிடுவதில்லை. வீட்டு வாசலில்தான் அது தொடங்குகிறது. ஆழ்குழாய்த் தண்ணீரில் காலையில் காரைக் கழுவுகிறோம். உத்தர வீதியில் வெயில் ஏறுகிறது. பானெட் தகடு கை வைக்க முடியாதபடி கொதிக்கிறது. முத்துக்கள் காய்ந்து போகின்றன. ஆனால் ஒவ்வொன்றும் தான் இருந்த இடத்தில், தண்ணீரிலிருந்த சுண்ணாம்புச் சத்தால் வட்டமாக ஒரு வெள்ளை முத்திரையைப் பதித்துவிட்டுப் போகிறது. பூச்சில்லாத காரில் தண்ணீர் கண்டபடி படர்ந்து கண்டபடி கறையாகும். இங்கே கறைக்கும் ஓர் இலக்கணம்! அந்த வட்டங்களைப் போக்க ஒரு தனி திரவம் உண்டு. அதுவும் தர்பாரிலேயே கிடைக்கிறது.

இனி உத்தரவாத அட்டை. முன்பக்கம் தங்க எழுத்து, பின்பக்கம் எறும்பு எழுத்து. பறவை எச்சம், மரப்பால், தண்ணீர்க் கறை, கல் தெறிப்பு, கீறல், அங்கீகாரமில்லாத ஷாம்பூ, அங்கீகாரமில்லாத துணி, தெருமுனை வாட்டர் வாஷ், இயற்கைச் சீற்றம் இவை நீங்கலாக மற்ற அனைத்திலிருந்தும் முழுப் பாதுகாப்பு. அந்த மற்ற அனைத்தும் எவை என்று வெகுநேரம் யோசித்தேன். நிலவொளி ஒன்று அகப்பட்டது.

இன்னொரு ஷரத்து உண்டு. மகாராஜாவின் ராஜதந்திரம் சிகரம் தொடும் இடம் அதுதான். ஆண்டுக்கொருமுறை தர்பாருக்கு வந்து, கட்டணம் செலுத்தி, மேலே ஒரு புதுப் பூச்சு வாங்கிக்கொள்ள வேண்டும். தவறினால் உத்தரவாதம் ரத்து. வருஷா வருஷம் புதிதாகப் பூசிவிட்டு, ஐந்தாம் வருஷம் பூச்சு நிற்கிறதா என்று பார்த்தால் நிற்கத்தானே செய்யும்? வந்தவர் காரில் நின்றால் அது மகாராஜாவின் வெற்றி. வராதவர் காரில் போய்விட்டால் அது வராதவரின் குற்றம். தோற்க வழியே இல்லாத இப்படியொரு சோதனை உலகத்து ஆய்வுக்கூடங்களில் எங்கும் கிடையாது. சோதனைக் கூடம் நம் கார், சோதனைச் செலவு நம் பணம், முடிவு மட்டும் ஏற்கெனவே அச்சாகி வந்துவிட்டது.

ஸ்ரீரங்கம் பெரிய கோயிலில் பெரிய பெருமாளின் சுதைத் திருமேனிக்குத் தைலக்காப்பு சாத்துகிறார்கள். தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்தும், ஆண்டுதோறும் நாள் குறித்து, அதை மறுபடி சாத்த வேண்டியதுதான் என்று ஊரறியச் சொல்லிவிடுகிறார்கள். வியாபாரம் தெரியாதவர்கள்.

பூச்சு பெற்ற அடியார்களின் பக்தியும் சாமானியமானதல்ல. வெயில் ஆகாது, மரத்தடி ஆகாது, மழையில் நனைந்தால் உடனே துடைக்க வேண்டும். ஆகையால் காரை ஷெட்டில் ஏற்றி, உறை போர்த்திவிட்டு, காந்தி மார்க்கெட்டுக்கு ஸ்கூட்டரில் போய்வருகிறார்கள். முன்னொரு காலத்தில் தொண்டைமான் தன் ஆயுதங்களுக்கு நெய் பூசி, மயிற்பீலி சூட்டி, காவல் போட்டு வைத்திருந்தானாம். அதியமானுக்காகத் தூது போன ஔவையார் அதைக் கண்டு வாயார மெச்சினார். அதியமானின் வேல்களோ முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடந்தன. அவற்றுக்கு வாரண்டி இல்லை.

வம்சமும் பெரிய வம்சம். முதலில் மெழுகு ஆண்டது. பிறகு டெஃப்லான் வந்தார். 327 டிகிரியில்தான் உருகுகிறவர், தோசைக்கல்லில் ஒட்ட அதற்கும் மேல் சூடு கேட்கிறவர், நம் காரில் மட்டும் துணியால் தேய்த்த மாத்திரத்தில் ஒட்டிக்கொண்டார் என்றார்கள். அவரை இறக்கிவிட்டு இவர் ஏறினார். இப்போது கிராஃபீன் இளவரசருக்குப் பட்டாபிஷேக விளம்பரம் வந்துவிட்டது. நடப்பு மகாராஜா கொடுத்த ஐந்தாண்டு வாக்குறுதி இன்னும் முடியவில்லையே என்று கேட்பவர்கள் ராஜ விசுவாசம் இல்லாதவர்கள்.

ஆகவே திருச்சி, ஸ்ரீரங்கம், திருவானைக்கோவில் வாழ் மகாஜனங்களே, தாமதம் வேண்டாம். இன்று கார் விட்டால் மூன்றாம் நாள் டெலிவரி. பாதிப் பணம் அட்வான்ஸ். அட்டையின் பின்பக்கத்தைப் படிக்க மூக்குக்கண்ணாடி கொண்டு வாருங்கள். பூதக்கண்ணாடியானால் இன்னும் உத்தமம். கடைசி வரியை மட்டும் நானே படித்துச் சொல்லிவிடுகிறேன்: உத்தரவாதம் முதல் உரிமையாளருக்கு மட்டும், காரை விற்றால் செல்லாது.