ரெடி சார்

வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி உருவாகியிருக்கிறது என்று செய்தியில் சொன்னால் நமக்கெல்லாம் வயிற்றில் புளியைக் கரைக்கும். மாடியில் காயும் துணி, தெருவில் நிற்கும் வண்டி, ஊரிலிருந்து கிளம்பிவிட்ட மைத்துனர் என்று மனசு வரிசையாகக் கவலைப்படும். எங்கள் அடுக்ககத்து முதல் மாடிக்காரர் ஒருவருக்கு மட்டும் அந்த நிமிடம் முகத்தில் ஒரு களை வந்துவிடும். பேத்தி பிறந்தபோதுகூட அப்படி ஒரு களை வரவில்லை என்பது அவர் மனைவியின் வாக்குமூலம்.

அவரை நாங்கள் ரெடி சார் என்போம். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவருக்கு மட்டும்தான் தெரியும். வங்கியில் முப்பத்து மூன்று வருடம் உழைத்து ஓய்வு பெற்றவர். ஆகவே புயலையும் ஓர் ஊழியராகத்தான் பார்ப்பார். தாழ்வுப் பகுதி என்றால் கிளார்க். தாழ்வு மண்டலம், ஆபீசர். ஆழ்ந்த தாழ்வு மண்டலம், மேனேஜர். புயலாகிப் பெயரும் வைத்துவிட்டார்கள் என்றால் ஏஜிஎம். "நாளைக் காலைல புரமோஷன் வந்துடும் சார்" என்று படிக்கட்டில் நிறுத்திச் சொல்வார். அதே புயல் ஓங்கோல் பக்கம் திரும்பிவிட்டதோ, போச்சு. பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிட்டுவிட்டு 'ஊருக்குப் போய்ச் சொல்லியனுப்புகிறோம்' என்று கிளம்பிப் போன மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றிப் பேசுவதுபோல இரண்டு நாள் பேசுவார்.

சென்னையில் இந்த ஜாதி மனிதர்கள் எல்லோருக்கும் பிறந்த தேதி ஒன்றுதான்: 2015 டிசம்பர் 1. அன்று செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட, அடையாற்றங்கரைக்காரர்கள் வீட்டுக்குள் ஆறு வந்தது. எங்கள் வேளச்சேரிக்கு ஆறு தேவைப்படவில்லை. ஏரி இருந்த இடத்தில்தான் குடியிருக்கிறோம் என்பதை ஏரியே நேரில் வந்து ஞாபகப்படுத்திவிட்டுப் போனது. அன்றிரவு ரெடி சாரின் கைவசம் இருந்தவை இரண்டு. ஏழு சதவீதம் சார்ஜ் உள்ள போன் ஒன்று. பேத்தியின் பிறந்தநாள் கேக்கிலிருந்து எடுத்துவைத்த, '6' என்ற எண் வடிவ மெழுகுவர்த்தி ஒன்று. ஆறின் சுழி உருகி வெறும் கோடானபோது, பாஞ்சாலிக்கு அடுத்தபடியாக அந்த வீட்டில் ஒரு சபதம் எடுக்கப்பட்டது.

மறு வருடமே, 2016 டிசம்பர் 12, வர்தா. மரமும் கம்பமும் சாய்ந்து ஊர் இருண்டு கிடந்தது. ஆனால் புயல் போன கையோடு வானம் பளிச்சென்று வெளுத்துவிட்டது. எல்லோரும் முறிந்த மரங்களைப் பார்த்து வருந்தினார்கள். இவர் மட்டும் மொட்டைமாடியில் நின்று அண்ணாந்து பார்த்து, "அவ்வளவு வெயிலும் வீணாப் போகுதே சார்" என்றார். சூரியசக்தி அந்தக் குடும்பத்துக்குள் நுழைந்தது அப்படித்தான். 'புயலன்னிக்கு வெயிலுக்கு எங்க சார் போவீங்க?' என்று அவரை மடக்கப் பார்ப்பவர்களுக்கும் அதுதான் பதில்: "புயலன்னிக்கு இல்ல, மறுநாளைக்கு. கல்யாணத்தன்னிக்கா சார் சீர் வாங்கப் போவாங்க? முன்னாடியே ஏத்தி வெச்சுக்கணும்."

நியாயம்தான். ஆனால் அவரிடம் நியாயத்தை ஒப்புக்கொண்டால் அடுத்தது பாடம்.

அந்தப் பாடம் எனக்கு இப்போது தூக்கத்திலும் வரும். வாட் வேறு, வாட்-மணி வேறு. வாட் என்பது குழாயில் தண்ணீர் விழும் வேகம். வாட்-மணி என்பது வாளியில் இருக்கும் தண்ணீர். அவருடைய பேட்டரிப் பெட்டி 500 வாட்-மணி வாளி. பழைய மின்விசிறி 75 வாட் குடிக்கும். ஆறு மணி நேரத்துக்குள் வாளி காலி. பி.எல்.டி.சி. விசிறி என்றால் 30 வாட்; ராத்திரி முழுக்கச் சுற்றிய பிறகும் விடிகாலையில் கையில் கொஞ்சம் நிற்கும். மடித்து வைக்கிற சோலார் பேனல் 100 வாட் என்று அட்டையில் போட்டிருக்கும், உச்சி வெயிலில் 70 வந்தால் பெரிது, மேகம் மூடினால் பத்து. இதை அவர் ஒரு வளைகாப்பில் எதிர் இலைக்காரருக்குச் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். அந்த மனிதர் பாயசத்துக்குக் காத்திராமல் எழுந்துவிட்டார்.

பேனலுக்கு இன்னொரு குணம் உண்டு. ஒரு மூலையில் நிழல் விழுந்தாலும் போதும், மொத்தமும் சோர்ந்துவிடும். ஒருவருக்குத் தலைவலி என்றால் கூட்டுக் குடும்பமே சாப்பிடாமல் இருப்பது மாதிரி. அதனால் மாதத்தில் முதல் ஞாயிறு 'ஒத்திகை' நடக்கும்போது மொட்டைமாடியில் யாரும் துணி உலர்த்தக் கூடாது என்று நோட்டீஸ் ஒட்டினார். தரைத்தளத்துப் பாட்டி அதை மதிக்கவில்லை. பாட்டிக்கு எழுத்து தெரியும், நோட்டீஸ்தான் பிடிக்காது. ஒரு சித்திரை மாதம் இவர் பேனலை விரித்துவிட்டு, கீழே போய்க் காபி குடித்துவிட்டு வந்து பார்த்தால் அதன்மேல் வெள்ளைத் துணி போட்டு வரிசையாகக் கூழ் வடகம் பிழிந்திருந்தது.

"பாட்டி, இது கரண்ட் எடுக்குற தட்டு!"

"எடுத்துக்கயேன். நானா வேணாங்கறேன்? என் வடகம் பாட்டுக்குக் காயுது, உன் கரண்டு பாட்டுக்கு வரட்டும்."

அன்றைய ஒத்திகைப் பதிவேட்டில் 'உற்பத்தி: 0' என்று மட்டும் இருக்கிறது. காரணம் எழுதும் இடத்தை விட்டுவிட்டார்.

பதிவேடு என்றேனே, எல்லாவற்றுக்கும் அவரிடம் பதிவேடு உண்டு. வாசற்கதவுக்குப் பின்னால் 'கிளம்பும் பை' ஒன்று நிற்கும். கையால் சுற்றும் ரேடியோ, விசில், குளோரின் மாத்திரை, நைலான் கயிறு, பிளாஸ்டிக் உறையில் பட்டா நகல், பிஸ்கட், டார்ச். எடை இருபத்திரண்டு கிலோ. அவருக்கு முதுகுவலி, டாக்டர் ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்றிருக்கிறார். பையும் தயார், அவரும் தயார், இருவரும் சேர்ந்து கிளம்ப முடியாது என்பது மட்டும்தான் குறை. இது போதாதென்று பைக்குள் ரகசியமாக ஒரு வங்கிக் கொள்ளை நடந்துகொண்டே இருக்கும். பிஸ்கட் பேரனுக்கு. டார்ச் பேட்டரி சுவர்க் கடிகாரத்துக்கு. நைலான் கயிறு கொடிக்கு. "ஏங்க, வெள்ளம் வந்தா அவுத்துத் தரேன்" என்பார் அந்த அம்மாள்.

இதுவரை சொன்னது பாதி மனிதர். மீதிப் பாதி கம்பு.

ரெடி சாருக்கு ஒரு கொள்கை: பேரிடரில் முதல் நாள் மனிதன் பயப்படுவான், இரண்டாம் நாள் பசிப்பான், மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுக் கதவை உடைப்பான். எங்கே படித்தார் என்று தெரியாது. அந்த மூன்றாம் நாள் மனிதனைச் சந்திப்பதற்காக அறுபத்தோராம் வயதில் சிலம்பம் கற்கப் போனார். பெசன்ட் நகர் கடற்கரையில் அதிகாலை வகுப்பு. தரையிலிருந்து நெற்றி உயரத்துக்கு மூங்கில் கம்பு. சலாம் வரிசையும் காலடியும் ஒரு மாதம் போனது. பிறகு ஆசான் ஜோடி சேர்த்து விட்டார். இவருக்கு எதிரே வந்து நின்றது மூன்றாம் வகுப்புச் சிறுமி. "கம்பைப் பார்க்காதீங்க சார், எதிராளி கண்ணைப் பாருங்க" என்றார் ஆசான். கண்ணைப் பார்த்தார். கண் பேத்தியின் கண் மாதிரி இருந்தது. முட்டியில் விழுந்தது. "வலிக்குதா தாத்தா?" என்று கேட்டுவிட்டு அந்தக் குழந்தை இன்னொன்று வைத்தது.

அவர் மனம் தளரவில்லை. சட்டத்தையும் சேர்த்துப் படித்தார். தற்காப்பு உரிமை இந்திய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை என்று சொல்லிச் சொல்லி உருப்போட்டு வைத்திருந்தார். 2024 ஜூலை 1-ம் தேதி பாரதிய நியாய சன்ஹிதா வந்து அதை 34 முதல் 44 வரை என்று மாற்றிவிட்டது. "அடிக்கிற முறை அதேதான் சார், நம்பர்தான் மாறிடுச்சு" என்று அலுத்துக்கொண்டார். யாரையும் அதுவரை அடித்ததில்லை, பின்னரும் இல்லை. மின்விசிறி ஒன்றைத் தவிர.

அதைச் சொல்லத்தான் வேண்டும். பெட்டியில் ஓடுவதற்கென்றே 30 வாட் விசிறி ஒன்றை வாங்கி, எலக்ட்ரீஷியனை வைத்துத் தனி வயர் இழுத்து ஹாலில் மாட்டியிருந்தார். 2023 ஐப்பசியில் ஒருநாள், வெளியே மழை என்று ஹாலிலேயே தலைக்கு மேல் ஒரு வீச்சு வீசிப் பார்த்தார். விசிறியின் ஒரு இறக்கை, வேண்டாத விருந்தாளியைப் பார்த்த முகம்போல ஒருபக்கமாகத் திரும்பிக்கொண்டது. அதற்குப் பிறகு அது சுற்றவில்லை. குடை சாய்ந்த வண்டிபோல் ஆடியது.

அடுத்த மாதம் மிக்ஜாம். புயல் ஆந்திராவுக்குப் போகிறது என்றதும் வழக்கம்போல ரெடி சாருக்கு முகம் தொங்கிவிட்டது. அது பாபட்லா அருகே கரை ஏறியது என்னவோ டிசம்பர் 5-ம் தேதிதான். ஆனால் போகிற வழியில் எங்கள் தலைக்கு நேரே நின்று நிதானமாகப் பொழிந்துவிட்டுப் போனது. நான்காம் தேதி காலை மின்சாரம் இல்லை, தரைத்தளத்தில் முழங்கால் தண்ணீர், பாட்டி இரண்டாம் மாடியில். ரெடி சார் முழுக்கைச் சட்டை அணிந்து, முதல் மாடி நடையில் மேஜை போட்டு, பெட்டியை அதன்மேல் வைத்து, டோக்கன் கொடுக்க ஆரம்பித்தார்.

ஒரு வீட்டுக்கு ஒரு போன், நாற்பது நிமிடம், வந்த நேரம், போன நேரம், கையொப்பம். பென்ஷன் நாளில் வங்கி எப்படி இருக்குமோ அப்படி இருந்தது நடை. மதியத்துக்குள் பதினாறு போன்களும் நூறு சதவீதம். அப்போதுதான் ஒருவர் கேட்டார், "சார், டவர் இல்லையே?" டவருக்கும் மின்சாரம் வேண்டும், அதன் ஜெனரேட்டருக்கு டீசல் வேண்டும் என்பது அவருடைய பதிவேட்டில் இல்லாத விஷயம். முழு சார்ஜ் ஏறிய போன்களை வைத்துக்கொண்டு பதினாறு வீட்டுக்காரர்களும் தண்ணீரைப் படம் எடுத்தார்கள்.

மேல்தொட்டி காலியானதும் மோட்டார் போடச் சொன்னார்கள். ஒரு குதிரைசக்தி மோட்டார் என்றாலே 746 வாட், கிளம்பும்போது அதைப்போலப் பல மடங்கு இழுக்கும், பெட்டி தாங்காது என்று வாளி உவமையோடு விளக்கினார். அந்த நேரத்தில் எங்களுக்குத் தேவைப்பட்டது உவமை இல்லை, வாளிதான். பாட்டிதான் அதட்டல் போட்டாள்: "எழுபத்தேழுல நாகப்பட்டினத்துல அடிச்ச புயல்ல ஏதுடா மோட்டாரு? வாசலோட விட்டுச்சா தண்ணி, உள்கட்டு வரைக்கும் வந்துச்சு. அந்தப் பானைய நிமுத்தி மாடியில வை, மேலேர்ந்து விழுறதப் பிடி!" கொடியிலிருந்து நைலான் கயிறு அவிழ்ந்தது, அதில் தார்ப்பாய் கட்டி மழைத்தண்ணீர் பிடித்தோம்.

கேலியாகவே எழுதிக்கொண்டு போகிறேன். ஆனால் அன்றிரவு பதினோரு மணிக்கு மூன்றாம் மாடிக் குழந்தைக்கு இழுப்பு வந்தது. நெபுலைசரைத் தூக்கிக்கொண்டு அப்பாக்காரர் இருட்டில் இறங்கி ஓடிவந்தார். டோக்கன் கேட்கவில்லை ரெடி சார். பத்து நிமிடம் பெட்டி ஓடியது. குழந்தை மூச்சு சீரானது. செலவு பதினேழு வாட்-மணிதான். அவர் பதிவேட்டில் அதை எழுதவில்லை என்பதை மறுநாள் பார்த்தேன்.

கம்புக்கும் வேலை வந்தது. தண்ணீரில் சாக்கடை மூடி எங்கே திறந்து கிடக்கிறது என்று தெரியாத தெருவில், முன்னால் குத்திக் குத்திப் பார்த்தபடி அவர் நடக்க, பால் வாங்கப் போனவர்கள் பின்னால் வரிசையாக நடந்தார்கள். ஆசான் சொல்லிக்கொடுத்த எந்த வரிசையிலும் அது இல்லை.

பிறகு மூன்றாம் நாள் இரவு. கொள்கைப்படி கதவை உடைக்க வேண்டிய இரவு. ஒன்பது மணிக்குக் கீழே கேட்டை யாரோ தட்டினார்கள். ஒருவர் இல்லை, நான்கைந்து குரல். ரெடி சார் கம்போடு படிக்கட்டின் கடைசிக்கு வந்து, தண்ணீருக்கு ஒரு படி மேலே நிலை எடுத்து நின்றார். பின்னால் நானும், டார்ச்சும். "யாரு?" என்றார். குரல் நன்றாகத்தான் இருந்தது.

"பின் தெருவுலேர்ந்து வரோம் ஐயா. சாம்பார் சாதம். மொத்தம் எத்தனை பேரு?"

கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, பழக்கதோஷத்தில், "கையெழுத்து எங்க போடணும்?" என்று கேட்டார்.

மறுநாள் பிற்பகல் எல்லா வீட்டிலும் ஒரே சமயத்தில் விளக்கு எரிந்தது. மாடி மாடியாகக் கூச்சல், குழந்தைகள் கைதட்டினார்கள், யாரோ வெடிகூட வெடித்தார்கள். மொட்டைமாடியில் முதல் வெயிலுக்குப் பேனலை விரித்து வைத்துவிட்டுப் பக்கத்திலேயே குந்தியிருந்தார் ரெடி சார். பாட்டியின் நனைந்த துவரம்பருப்பு அதில் பாதி இடத்தைப் பிடித்திருந்தது. "கரண்ட் வந்துடுச்சு சார்!" என்றேன்.

"கேட்டுது" என்றார். பெட்டியின் முகப்பைத் துடைத்துப் பார்த்தார். "இன்னும் முப்பத்தெட்டு சதவீதம் இருந்துது சார்."