குக்கர் விசிலும் வாசிப்பு வேகமும்: திருவொற்றியூரில் ஒரு கள ஆய்வு

பிரதம் அமைப்பு 2005 முதல் 'அசர்' என்ற பெயரில் வீடு வீடாகப் போய், பிள்ளைகள் கையில் ஒரு தாளைக் கொடுத்துப் படிக்கச் சொல்கிறது. எழுத்து, சொல், பத்தி, கதை என்று படிகள் உண்டு. ஆனால் அது கிராமப்புறப் பிள்ளைகளுக்கான ஆய்வு. 2011இல் சென்னை மாநகராட்சிக்குள் போய்ச் சேர்ந்த திருவொற்றியூருக்கு அந்தத் தாள் வர வழியில்லை. அறிவுலகின் இந்த மாபெரும் ஓட்டையை, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காசிமேட்டுச் சங்கரா குழம்பாகிற நேரத்துக்குள் அடைக்க முற்பட்டதன் விளைவே இக்கட்டுரை.

ஆய்வுக்கு உட்பட்டவர் மூன்றாம் வகுப்பு மாணவி; ஆய்வாளரின் மகள். மாதிரியின் அளவு ஒன்று. சிறியதுதான். ஆனால் அந்த ஒன்றை உட்கார வைக்கவே இரண்டு கடலை மிட்டாய் செலவானதைப் புள்ளியியல் அறிஞர்கள் கவனிக்க வேண்டும்.

முறை உலகறிந்தது. முன்பின் பார்க்காத ஒரு பத்தி, ஒரு நிமிடம், உரத்த வாசிப்பு. படித்த சொற்களில் பிழைகளைக் கழித்தால் வேகம். பிள்ளை தானே திருத்திக்கொண்டால் அது பிழையில்லை. மூன்று விநாடி திணறினால் மட்டும் நாம் சொல்லைச் சொல்லிக்கொடுத்துப் பிழையென்று குறிக்கலாம். மூன்று விநாடி கேட்கத்தான் சின்னது. பெற்றவனுக்கு அது எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் நிற்கிற நேரம். ஆய்வாளர் முதல் விநாடியிலேயே வாயைத் திறந்துவிட்டார்.

"நீ சொல்லாதப்பா, எனுக்கே தெரியும்."

இக்காரணத்தால் முதல் மூன்று அளவீடுகள் தள்ளுபடி. நான்காவதில் குக்கர் விசிலடித்தது. நிமிடம் முடிந்துவிட்டதென்று மாதிரி எழுந்து ஓடிவிட்டது.

அடுத்த சிக்கல், சொல் என்பது எது? 'வந்துகொண்டிருந்தவர்களுக்கும்' 16 எழுத்து, ஒரு சொல். 'ஆடு' 2 எழுத்து, அதுவும் ஒரு சொல். முன்னதையே 'வந்து கொண்டு இருந்தவர்களுக்கும்' என்று பிரித்து அச்சடித்தால் மூன்று சொல். பிள்ளை வாயில் வருவது மாறவில்லை, கணக்கு மட்டும் மும்மடங்கு. ஆக, கல்வித் தரத்தை உயர்த்த ஆசிரியரே வேண்டாம், அச்சுக்கோப்பவர் போதும். ஆங்கிலப் பிள்ளைக்கு வகுத்த நிமிடக் கணக்கைத் தமிழ்ப் பிள்ளைக்குப் போடுவது நெத்திலியையும் சுறாவையும் உருப்படி எண்ணி ஒரே விலை வைப்பதற்குச் சமம். ஏலக்காரர் எவரும் செய்யமாட்டார்.

ஐந்தாம் அளவீட்டில் 'வாழைப்பழம்' வந்தது. மாதிரி 'வாயப்பயம்' என்று படித்தது. ஆய்வாளர் பென்சிலைத் தூக்கினார். அடுப்படியிலிருந்து ஆயாவின் குரல்: "கொயந்த சரியாத்தானே சொல்லுது, இன்னாத்துக்குத் தப்பு போடுற?" விதிப்புத்தகங்களும் ஆயா பக்கம்தான். வட்டார உச்சரிப்பைப் பிழையாக எண்ணக்கூடாது.

எண்ணத் தொடங்கினால் பேட்டைக்கே மதிப்பெண் தேறாது. 1717 முதல் 1720 வரை சென்னையில் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் பெயரில் நெசவாளர்களுக்கென்று உண்டானது காலெட்பேட்டை. அதைத் தெருவே சேர்ந்து தப்பாகச் சொல்லிச் சொல்லிக் காலடிப்பேட்டை ஆக்கிற்று. 2021இல் மெட்ரோ வந்தபோது நிலையத்துக்கும் அந்தப் பிழையையே பெயராக வைத்தார்கள். யாரும் பென்சிலைத் தூக்கவில்லை.

இன்னும் மேலே போனால், தியாகராஜர் கோயிலில் உறையும் சிவனுக்கு எழுத்தறியும் பெருமான் என்றொரு பெயர் உண்டு. மன்னன் அனுப்பிய வரியோலையில் வரிகளுக்கு நடுவே 'ஒற்றியூர் நீங்கலாக' என்று மன்னன் எழுதாத ஒன்றைச் சேர்த்தவர் அவர் என்பது தலபுராணம். மூலத்தில் இல்லாத சொல்லைச் சேர்ப்பது குற்றமா? நிமிடச் சோதனையின் விதிப்படி, பிள்ளை தானாகச் சேர்த்துப் படிக்கும் சொல் பிழைக் கணக்கில் வராது. பெருமான் தப்பித்தார். பத்தியில் இல்லாத ஒரு பூனையைக் கதைக்குள் கொண்டுவந்த ஆய்வாளரின் மகளும் அப்படியே.

குழம்பு இறங்கியது. கைப்பேசியை அவள் பிடுங்கிக்கொண்டு, "இப்ப நீ படி" என்றாள். அந்த 16 எழுத்துச் சொல்லில் ஆய்வாளர் திணறினார். அவள் வாயே திறக்காமல் மூன்று விநாடியும் முழுசாகக் காத்திருந்து, பிறகு பிழை போட்டாள். இந்த ஆய்வில் விதிப்படி நடந்த அளவீடு அது ஒன்றே.