புத்தம் புதுத் துரு

அமெரிக்காவில் மாதிரி ரயில் பித்துப் பிடித்தவர் ஒரு புதுச் சரக்குப் பெட்டி வாங்கினால், வீட்டுக்கு வந்ததும் செய்யும் முதல் வேலை அதைப் பாழாக்குவது.

ஓடிப் பழசான நிஜப் பெட்டி போலத் தெரியும்படி பாழாக்கவும் பக்குவம் வேண்டும். பளபளப்பைக் கொல்ல மேட் வார்னிஷ். இடுக்குகளில் அழுக்கு சேர, ஆல்கஹாலில் கரைத்த இந்தியன் இங்க். வார்னிஷ் மேல் ஆல்கஹால் பட்டால் வெள்ளை பூக்கும். அதையும் 'வெயிலில் வெளுத்த பெயின்ட்' என்று சாதித்துவிடலாம்.

துருவில்தான் சிக்கல். எச்.ஓ. என்ற மாதிரி ரயில் அளவு நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு. 1 மில்லிமீட்டர் புள்ளி வைத்தால் நிஜத்தில் அது கிட்டத்தட்ட 9 சென்டிமீட்டர். கை கொஞ்சம் நடுங்கினால் பெட்டி காயலான் கடைக்குத்தான். மழைநாளில் சக்கரம் வாரியடித்த சேறுகூட பெட்டியின் முகப்பில் இரண்டு செங்குத்துக் கோடுகளாக விழ வேண்டும். அந்தப் பெட்டி மழையையே பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

அடுத்து கிராஃபிட்டி. சுவரில் கிறுக்கும் பையன்களைத் திட்டுகிற அதே பெரியவர், கிறுக்கல் ஸ்டிக்கரைக் காசு கொடுத்து வாங்கி ஒட்டுகிறார். அதோடு விட்டாரா? நிஜ ரயில் கம்பெனிகள் கிறுக்கல் மறைத்த எண்ணை மட்டும் புதுப் பெயின்ட் பட்டையில் மறுபடி எழுதுகின்றன. அந்தப் பட்டையையும் அச்சு அசலாகப் போட்டுவிடுகிறார்.

இந்த அழுக்குக் கலையைப் பிரபலப்படுத்திய முன்னோடி, கலிஃபோர்னியாவின் மான்டரேயில் வாழ்ந்த ஜான் ஆலன். அவ்வளவு தத்ரூபம் பார்த்த மனிதர், தன் மாதிரி ரயில் யார்டில் பெட்டிகளைத் தள்ள ஒரு ஸ்டெகோசாரஸ் டைனோசரை நிறுத்தியிருந்தார். அதன் பெயர் எம்மா.