இருபத்தேழாயிரம் காணோம்

சி.ஏ. இன்டர்மீடியட் படிக்கும் பிள்ளை இருக்கிற வீட்டில் டென்ஷன் என்பது கூட்டுக் குடும்பச் சொத்து. படிக்கிறவருக்குப் போக மீதியை எல்லாரும் பங்கு போட்டுக்கொள்வார்கள். பங்கு குறைந்தவர் கோபித்துக்கொள்வதும் உண்டு.

முன்பெல்லாம் வருடத்துக்கு இரண்டு முறைதான் தேர்வு. இப்போது ஜனவரி, மே, செப்டம்பர் என்று மூன்று முறை. மாணவர்கள் வசதிக்காகவாம். உறவினர்களுக்குத்தான் வசதி, "என்னம்மா ஆச்சு?" என்று விசாரிக்க வருடத்தில் இன்னொரு சந்தர்ப்பம்.

மதிப்பெண் விவகாரத்தை அவர்களுக்குப் புரியவைப்பது தனிப் பேப்பர். ஒரு குரூப்புக்கு மூன்று பேப்பர். ஒவ்வொன்றிலும் 40 வாங்க வேண்டும். மூன்றும் சேர்ந்து 150 வர வேண்டும். மூன்றிலும் 45 வாங்கினால் மொத்தம் 135தான், குரூப் போச்சு. பெரியப்பா இதை ஒப்புக்கொள்ளவே இல்லை. "மூணுலயும் பாஸ் மார்க், ஆனா பாஸ் இல்லையா? யார்கிட்ட கதை விடறே?" என்றார். தாளில் எழுதிக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்துவிட்டு, சமையலறைக்குப் போய் அம்மாவிடம் தணிந்த குரலில், "குழந்தைக்குத் தூக்கம் போதலை போலிருக்கு" என்றார்.

டென்ஷன் குறைய ஆளுக்கொரு வைத்தியம். அம்மா வல்லாரைத் துவையல். அப்பா விடிகாலை நாலு மணி. எதிர்வீட்டு மாமி பிராணாயாமம். மாமியின் வைத்தியத்தை முயன்று பார்த்தேன். மூச்சு உள்ளே வந்தது. உள்ளே வருவதைப் பற்று வை. வெளியே போனது, வெளியே செல்வதை வரவு வை. கொஞ்ச நேரத்தில் நுரையீரலுக்குத் தேய்மானம் உண்டா, உண்டென்றால் நேர்கோட்டு முறையா, குறைந்துசெல் மதிப்பு முறையா என்று புத்தி கிளம்பிவிட்டது. எழுந்துவிட்டேன்.

வாட்ஸ்அப் குரூப் இன்னும் மோசம். நாம் முதல் ரிவிஷனில் பாதிக் கிணறு தாண்டிக்கொண்டிருக்கும்போது, "செகண்ட் ரிவிஷன் ஓவர், ரிவிஷன் டெஸ்ட் பேப்பர் மட்டும் பாக்கி" என்று ஒரு புண்ணியவதி ராத்திரி பதினொன்றரைக்குப் போடுவாள். கீழே கைகூப்பும் பொம்மை வேறு. மியூட் பண்ணிய பிறகுதான் சோறு இறங்கியது.

உண்மையில் எனக்குப் பலித்த வைத்தியம் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்க அங்கே தனிப் பிரிவு இருக்கிறது. எதிர் நாற்காலியில் ஐ.ஏ.எஸ்.ஸுக்குப் படிக்கும் ஓர் அண்ணா. அவர் மேஜையில் உலக வரலாறு, புவியியல், பொருளாதாரம் எல்லாம் தலையணை தலையணையாக. அவர் முகத்தைப் பார்த்ததும் என் சிலபஸ் இளைத்துவிட்டது. அடுத்தவர் கஷ்டத்தில் ஆறுதல் தேடுவது பாவம்தான். பஸ் பாஸும் ஒரு தண்ணீர் பாட்டிலும்தான் அதற்கு ஆன செலவு.

ஆனால் ராத்திரியில் நூலகம் ஏது? ஒருநாள் அட்வான்ஸ்டு அக்கவுன்டிங்கில் ஒரு பேலன்ஸ் ஷீட், டேலி ஆகவே இல்லை. கால்குலேட்டரை இரண்டு தட்டு தட்டிவிட்டு, "ஐயோ, இருபத்தேழாயிரம் காணோம்!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். உள்ளறையில் குறட்டை நின்றது. அப்பா வேட்டியை இறுக்கிக்கொண்டு ஓடி வந்தார். "எந்த பேங்க்? ஓடிபி யாருக்காவது சொன்னியா?" பின்னாலேயே அம்மா, பீரோ சாவியோடு.

வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் எங்கேயோ இலக்கம் இடம் மாறியிருக்கிறது என்று பழைய கணக்குப்பிள்ளைகள் சொல்வார்கள். 27,000 வகுபடும். தேடினால், கடனாளிகள் 63,000 என்பது 36,000 ஆக உட்கார்ந்திருந்தது. திருத்தியதும் இரண்டு பக்கமும் சரியாக நின்றன. "கிடைச்சிடுச்சு" என்றேன். அம்மா சாமி படத்துக்கு முன்னால் கற்பூரமே ஏற்றிவிட்டாள்.

இரட்டைப் பதிவு முறையை 1494-இல் வெனிஸில் அச்சேற்றியவர் லூக்கா பச்சியோலி, ஒரு துறவி. அதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. வீடு, வாசல், பெரியப்பா என்று எதுவும் இல்லாதவரால்தான் பற்றையும் வரவையும் அவ்வளவு நிதானமாக எழுத முடியும். என் டென்ஷனுக்குக் கணக்கு காரணமே இல்லை. டேலி ஆகிற அந்த ஒரு நொடியில் இருக்கும் நிம்மதியை வல்லாரை தராது.

கடைசியாக, செப்டம்பர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும்போது, ஜூலையில் ஃபார்ம் 16-ஐ மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "சும்மா பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்று வரும் மாமாக்களுக்கு ஒரு விண்ணப்பம். நான் இன்னும் ஆடிட்டர் ஆகவில்லை. தெருமுனையில் போர்டு போட்ட ஆடிட்டர் ஒருவர் இருக்கிறார், அவரிடம் போங்கள். ஜூலை 31 தாண்டினால் வருமான வரிக் கணக்குக்குத் தாமதக் கட்டணம் 5,000 ரூபாய் வரை வரும்.