'இங்கதான் இருந்துச்சு' மாமா

ஜூன் விடுமுறைக்குச் சிங்கப்பூரிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் சொந்தங்கள் சுங்கை சிப்புட்டில் வந்து இறங்கினால், முதல் நாள் கொண்டாட்டமாகப் போகும். இரண்டாம் நாள் பிள்ளைகள் முனக ஆரம்பிப்பார்கள். வைஃபை ஊர்கிறது, கொசு கடிக்கிறது, வீட்டில் இருப்பதே ஒரு டிவி, அதிலும் பாட்டி சீரியல் பார்க்கிறார். பெரியவர்கள் கூடிப் பேசி, வழக்கமாக எடுக்கும் முடிவையே எடுப்பார்கள்: நாளைக்கு ஈப்போ. அரை மணி நேரப் பயணம்தான். யார் கூட்டிப் போவது என்பதிலும் யாருக்கும் சந்தேகம் இருக்காது. சிக்கலே அங்கேதான்.

பேராக்கில் தோட்டத்துப் பூர்விகம் உள்ள எந்தக் குடும்பத்தை எடுத்தாலும் இப்படி ஒரு மாமா இருப்பார். பிறந்தது லயத்து வீட்டில், குடியிருப்பது தாமானில். நடுவில் டெலிகம்மிலோ ஜேகேஆரிலோ ரயில்வேயிலோ வேலை பார்த்து ஓய்வு பெற்றிருப்பார். எங்கள் மாமா டெலிகம். காரில் எப்போதும் ஒரு குடை, ஒரு போத்தல் தண்ணீர், கழுத்தில் போட ஒரு குட் மார்னிங் துண்டு. ஈப்போ அவருக்கு அத்துப்படி. அதில் பொய்யே கிடையாது. அவருக்கு அத்துப்படியான ஈப்போ இப்போது அங்கே இல்லை என்பது மட்டும்தான் குறை.

"காலையில ஆறு மணிக்கு எல்லாரும் காடியில இருக்கணும்" என்று முந்தின இரவே உத்தரவு வந்துவிடும். கடைகள் பத்து மணிக்குத்தான் திறக்கும் என்று சொல்லிப் பயனில்லை. அவருடைய அப்பா பால்மரம் சீவியவர். இருட்டு விலகுமுன், பேர் கூப்பிடும் பெரட்டுக்கு நின்று, வெயில் ஏறுவதற்குள் மரத்தில் கத்தி வைத்தால்தான் மங்கில் பால் சேரும். நேரமானால் வெட்டு காய்ந்து வடிவது நின்றுவிடும். ஈப்போவும் வெயில் ஏறினால் பால் தராது என்பது மாமாவின் திடமான நம்பிக்கை. வாசலில் நின்று ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். அத்தை ஈப்போ புந்தோங்கில் பிறந்த டவுன்காரர். தோட்டத்து வாசமே கிடையாது. "பேர் கூப்பிட்டுட்டீங்கல்ல, அப்படியே கூலியையும் கொடுத்துருங்க" என்பார்.

டோல் கட்டுவது மாமாவின் கொள்கைக்கு விரோதம். ஆகவே நெடுஞ்சாலை இல்லை, பழைய ரோடு. சிங்கப்பூர்த் தங்கை போனில் வழிகாட்டும் வேஸ் போட்டுவிடுவாள். அந்தப் பெண்குரல் வலதுபக்கம் திரும்பச் சொன்னால் மாமா இடதுபக்கம் திருப்புவார். "நான் இந்த ரோட்டுல போஸ்ட் நட்டப்ப இவ பொறந்திருக்கவே மாட்டா" என்பார். அவர் நட்ட தந்திக்கம்பங்கள் எதுவும் இன்று இல்லை. ஆனால் ஒவ்வொன்றும் நின்ற இடத்தில் கார் கொஞ்சம் மெதுவாகும்.

"இங்கதான் இருந்துச்சு." இதுதான் அவர் வாயில் அன்று முழுக்க வரப்போகும் வாக்கியம். பஸ் நிற்கும் இடம் இங்கதான் இருந்துச்சு. முடிவெட்டும் கடை இங்கதான் இருந்துச்சு. கந்தான் பக்கம் போகும்போது ஜன்னலுக்கு வெளியே வெறும் ஆகாயத்தைக் காட்டி, "இங்க ஒரு மலை இருந்துச்சு" என்பார். கடை காணாமல் போனது என்றால் நம்பலாம், மலை எப்படிக் காணாமல் போகும் என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். இதில் மட்டும் நான் மாமா கட்சி. அந்தப் பக்கத்துச் சுண்ணாம்புக் குன்றுகளைச் சிமெண்டுக்காக வெட்டி வெட்டி எடுத்திருக்கிறார்கள். இப்போது ஈப்போவில் நிற்கும் கட்டடங்கள் எதிலாவது அந்த மலையில் ஒரு கரண்டி இருக்கலாம்.

"ஒரு அஞ்சு நிமிஷம்" என்று சொல்லிச் செம்மண் பாதையில் காரை இறக்கினால் தோட்டத்துக்கு வந்துவிட்டோம் என்று பொருள். ரப்பர் கிடையாது. ரப்பர் விலை விழுந்து, குறைந்த ஆளை வைத்து அதிக லாபம் தரும் செம்பனைக்குத் தோட்டங்கள் மாறியபோது லயங்கள் போயின, ஜனங்களும் போனார்கள். மிச்சம் இருப்பது ஒரு மாரியம்மன் கோயில்தான். மாமா செருப்பைக் கழற்றிவிட்டு அம்மனைக் கும்பிட்டு, பிறகு செம்பனைக்கு நடுவில் நுழைவார். நாங்கள் வரிசையாகப் பின்னால் போவோம். ஒரு மரத்தடியில் நின்று, "காலைத் தூக்கி வை, வாசப்படி" என்பார். இந்தத் தடவை கிள்ளான் அண்ணன் உண்மையிலேயே காலைத் தூக்கி வைத்தார். இது முன்வீடு, இது குசினி, அங்கே ஆயாக்கொட்டகை, அந்தப் பக்கம் பால் ஸ்டோர். தோட்டத்துக் கள்ளுக்கடையைக் காட்டும்போது மட்டும் அத்தையைப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்துவார். என் தங்கை மகள், பன்னிரண்டு வயது, எல்லாவற்றையும் போனில் படம் எடுத்தாள். பிறகு பார்த்தால் அத்தனை படத்திலும் செம்பனை.

ஈப்போவுக்குள் நுழைந்ததும் முதல் தரிசனம் ரயில் நிலையம். 1917ல் திறந்தது; ஹப்பேக் என்ற வெள்ளைக்காரர் வரைந்த கட்டடம்; ஊர்க்காரர்கள் தாஜ்மகால் என்பார்கள். அது இன்றும் முழுசாக நிற்பதால் மாமாவுக்கு அதில் அவ்வளவு சுவாரசியம் இல்லை. மேலே இருந்த ஹோட்டல் மூடிவிட்டது என்பதைச் சொல்லும்போதுதான் முகத்தில் களை வந்தது.

கடிகாரக் கோபுரத்தில் அவர் நன்றாகப் பேசினார் என்பதையும் சொல்ல வேண்டும். பேராக்கின் முதல் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் பர்ச். 1875ல் பாசிர் சாலாக்கில் அவரைக் கொன்றுவிட்டார்கள். அவர் நினைவாக வெள்ளைக்காரன் 1909ல் கோபுரம் கட்டினான். சுதந்திரத்துக்குப் பிறகு, அந்தக் கொலைக்காகத் தூக்கிலிடப்பட்ட மகாராஜா லேலா, டத்தோ சாகோர் பெயர்களைப் பக்கத்துத் தெருக்களுக்கே வைத்துவிட்டார்கள். "அவரு மேல நின்னு மணி பாக்குறாரு, இவங்க ரெண்டு பேரும் கீழ சுத்திக் காவல் நிக்குறாங்க" என்று மாமா முடித்தபோது பக்கத்தில் நின்ற வேறு ஒரு குடும்பமும் சிரித்தது.

ஆனால் இந்த மகாராஜா லேலாக்களை மாமா வழி சொல்லும்போது பயன்படுத்துவதில்லை. அவர் மண்டைக்குள் சுல்தான் இஸ்கந்தர் சாலை இன்னும் ஹியூ லோ ஸ்ட்ரீட், சுல்தான் இட்ரிஸ் ஷா சாலை இன்னும் புரூஸ்டர் ரோடு. கோலாலம்பூரிலிருந்து வந்த ஓர் இளஞ்ஜோடி, பங்ளிமா சந்து எந்தப் பக்கம் என்று அவரிடம் கேட்டுத் தொலைத்தார்கள். ஈயச் சுரங்க முதலாளிகள் சின்னவீடு வைத்திருந்ததாகச் சொல்லப்படும் அந்தச் சந்துதான் இப்போது ஐஸ்கிரீமும் கைவிசிறியும் விற்கிறது. மாமா மலாயில் விளக்கினார்: பழைய மைன்ஸ் ஆபீசில் இடதுபக்கம், இந்தியத் துணிக்கடை வந்ததும் நேராக, சைக்கிள் கடைக்குப் பக்கத்தில். மூன்றும் இல்லை. அந்தப் பையன் கைகூப்பாத குறையாக நன்றி சொல்லிவிட்டுப் போனான். நாங்கள் சந்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர்கள் ஐஸ்கிரீம் தின்று முடித்திருந்தார்கள்.

வெள்ளைக் காப்பிக் கடையில் வரிசை தெருவரை நின்றது. கொட்டையை மார்ஜரின் போட்டு வறுப்பதால் வரும் மணம் அது. ஊர் பெயரையே இன்று அந்த மணம்தான் தூக்கி நிறுத்துகிறது. 1985ல் ஈயச் சந்தை சரிந்தபோது டவுனே வெறிச்சோடிப் போனதை மாமா கண்ணால் பார்த்தவர். அதனால் இந்தக் கூட்டம் அவருக்குப் பெருமை. தனக்கும் அதில் இடம் இல்லை என்பது எரிச்சல். "முப்பது காசுக்குக் குடிச்சேன், உக்காந்து குடிச்சேன்" என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். வெளியே சுவரில், லித்துவேனியக் கலைஞர் எர்னஸ்ட் சக்கரெவிச் வரைந்து வைத்திருக்கும் காப்பி குடிக்கும் கிழவர். மாமா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "இவரை எனக்குத் தெரியும். எங்க தோட்டத்து ஸ்டோர்ல இருந்தாரு." சீனக் கிழவராயிற்றே என்றேன். "ஆமா, கணக்குல கெட்டி" என்றார்.

மத்தியானச் சாப்பாடு நாசி கஞ்சா. பெயரைக் கேட்டதுமே தங்கைக்கு முகம் வெளிறிவிட்டது. சிங்கப்பூரில், வெளிநாட்டில் போய்ப் போதைப்பொருள் எடுத்தாலும் திரும்பி வந்ததும் பிடிப்பார்கள். உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியையும் சிறுநீர் டெஸ்டையும் நினைத்துக் கோழியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். அது சாதாரண நாசி கண்டார்தான், உப்பு முட்டையும் தேங்காய்ச் சம்பலும் வைத்துக் கொடுப்பான், விடமுடியாத ருசி என்பதால் அந்தப் பட்டப்பெயர் என்று அத்தை விளக்கிய பிறகு, இரண்டாவது தட்டு கேட்டாள்.

பத்து காஜாவில் கெல்லிஸ் மாளிகைக்குப் போனபோதுதான் மாமா தடுமாறினார். ரப்பர் துரை வில்லியம் கெல்லி ஸ்மித், சென்னையிலிருந்து தமிழ்த் தொழிலாளர்களை வரவழைத்துக் கட்டத் தொடங்கிய வீடு. 1926ல் துரை லிஸ்பனில் நிமோனியாவில் இறந்துபோக, வேலை பாதியில் நின்றது. மாமாவின் தொழிலுக்கு இது ஒத்துவராத இடம். இங்கே எதுவுமே இருக்கவில்லையே! மலாயாவின் முதல் லிப்ட் வருவதாக இருந்த சுரங்கம் போன்ற சதுரப் பள்ளத்துக்கு முன்னால் நின்று, "இங்கதான்..." என்று தொடங்கி, "வந்திருக்கும்" என்று மெல்ல முடித்தார். வாயில் பல் மாறியதுபோல் அவருக்கே அது பிடிக்கவில்லை. நோய் வந்து வேலைக்காரர்கள் சாகத் தொடங்கியபோது அவர்கள் கேட்டுக் கட்டப்பட்ட மாரியம்மன் கோயில் பக்கத்தில் இருக்கிறது. அதன் மேலே சாமி சிலைகளோடு துரையும் ஒரு சிலையாக நிற்கிறார். மாமா அம்மனுக்கு ஒரு கும்பிடு போட்டார். துரையை நிமிர்ந்து பார்த்து, "சம்பளம் பாக்கி" என்றார்.

திரும்பும் வழியில் புந்தோங். கச்சாங் பூத்தேக்குப் பேர்போன இடம், அத்தையின் ராஜ்யம். இங்கே மாமாவுக்கு வாய் திறக்க உரிமையில்லை. ஒவ்வொரு கடையிலும் ஒரு கை முறுக்கு, ஒரு கை கடலை என்று ருசி பார்ப்பதோடு சரி. பார்த்தே வயிறு நிறைந்து, கடைசியில் ஒரே ஒரு பொட்டலம் வாங்கினார். மூன்றரை மணிக்கு வானம் கறுத்தது. சீவிய மங்கில் மழைத்தண்ணீர் விழுந்தால் அன்றைய பால் வீண் என்று வளர்ந்தவருக்கு மேகத்தைக் கண்டால் நிற்கப் பொறுக்காது. மழைக்கு முன்னால் வீட்டில் இருந்தோம்.

என் அம்மா மாமாவுக்கு மூத்தவர். முட்டி வலியால் வரவில்லை. "என்னம்மா பாத்தீங்க?" என்று பேத்தியிடம் கேட்டார்.

அவள் விரல்விட்டு எண்ணினாள். "உங்க பழைய வீடு பாத்தோம் பாட்டி. ஒரு மலை. முடிவெட்டுற கடை. அப்புறம் தாத்தா சின்ன வயசுல எம்ஜிஆர் படம் பாத்த தியேட்டர், பஸ் ஸ்டேஷனுக்கு இந்தப் பக்கம்."

அம்மாவின் முகம் மாறியது. "இந்தப் பக்கமா? அது எதிர்ப் பக்கமில்ல இருந்துச்சு?"

"அக்கா, உனக்குத் தெரியாது. நான் எத்தனை படம் பாத்திருக்கேன்."

"டேய், உனக்கு டிக்கெட் எடுத்ததே நான்தான். எதிர்ப் பக்கம்."

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மேசையிலிருந்த கார் சாவியை எடுத்தார். "வா. இப்பவே போய்ப் பாத்துட்டு வந்துருவோம்."

அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, செருப்பைத் தேட ஆரம்பித்தார்.